நைட் சைட்டா, ஃபைபர் சைட்டா? கைத்துப்பாக்கிக்கு முதன்முறையாகச் சைட் மாற்றப் போகிறவர்களுக்கு

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஃபைபர் சைட் போட்ட பிஸ்டலை எடுத்துக் கையில் கொடுத்தார். சைட் என்பது குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இருக்கும் சின்ன மேடு. மேலே வரிசையாக டியூப் லைட். முன் சைட்டில் சிவப்புப் புள்ளி ஒன்று அடுப்புத் தணல் மாதிரி கனன்றுகொண்டிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று அன்றே வாங்கிவிட்டேன். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டு வராந்தாவில் விளக்கைப் போடாமல் அதையே எடுத்துப் பார்த்தேன். புள்ளியைக் காணோம். கறுப்பு இரும்பில் கறுப்பு ஓட்டை மட்டும் இருந்தது.

டெக்சாஸில் நான் செய்த முதல் தப்பு இது. புதிதாகத் துப்பாக்கி வாங்கும் நண்பர்கள் பலரும் இதையே செய்வதைப் பார்க்கிறேன். சைட் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று கடையில் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது, நாம் நிற்கப் போகும் இடத்தில் என்ன வெளிச்சம், குறி இருக்கும் இடத்தில் என்ன வெளிச்சம் என்பதை. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எந்த சைட் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: கையில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டா?

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு இதை முதலில் சொல்லியாக வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வாங்குவது மட்டும்தான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நண்பருடைய பிஸ்டலை ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், பத்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில் வரக்கூடும். மாநில அரசு கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பச்சை அட்டைக்காக வருடக்கணக்கில் காத்திருந்துவிட்டு, சனிக்கிழமை பொழுதுபோக்கால் அதைக் கெடுத்துக்கொள்வது மாதிரி மடத்தனம் வேறில்லை.

கிரீன் கார்டு வந்தவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். இதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். நியூ ஜெர்சியில் இருப்பவருக்கும் டெக்சாஸில் இருப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது.

இன்னொன்று. ஊரில் துப்பாக்கிக் கிளப்பில் சுடும் மச்சானுக்கு ஒரு ஜோடி சைட் வாங்கிப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் உதிரிபாகங்களையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு ஃபைபர் என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியிருக்கும்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

ஃபைபர் சைட்டைப் புரிந்துகொள்ள பள்ளிக்கூட ஞாபகம் போதும். ஆரஞ்சு, பச்சை நிறங்களில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வருமே, அதன் ஓரம் மட்டும் லைட் போட்டது மாதிரி பளபளக்குமே, அதே சங்கதிதான் இது. மேல் பரப்பில் விழும் வெளிச்சத்தை உள்ளே இருக்கும் சாயம் உறிஞ்சி வேறு நிறத்தில் வெளியிடுகிறது. அந்த ஒளி பிளாஸ்டிக்குக்குள்ளேயே முட்டி மோதி ஓரத்தில் வந்து கொட்டுகிறது. சைட்டில் இருப்பது ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதன் முதுகு வானத்தைப் பார்த்திருக்கும், நுனி உங்கள் கண்ணைப் பார்த்திருக்கும். முதுகில் விழும் வெளிச்சம் நுனியில் புள்ளியாகத் தெரிகிறது. வெளிச்சம் விழாவிட்டால் புள்ளியும் இல்லை. பேட்டரி கிடையாது, சேமித்து வைக்கவும் தெரியாது.

நைட் சைட்டில் இருப்பது டிரிட்டியம் என்ற வாயு. ஹைட்ரஜனின் ஒரு வகை, கதிரியக்கம் உடையது. சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி, உள்ளே இந்த வாயுவை அடைத்து மூடியிருப்பார்கள். டிரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் பாஸ்பரில் மோதுகின்றன, அது ஒளிர்கிறது. பழைய டப்பா டிவியின் திரையில் படம் வந்ததும் எலக்ட்ரான் பாஸ்பரில் மோதித்தான். வெளிச்சம் காட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை. இரவும் பகலும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். பகலில் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். மின்மினிப் பூச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரியக்கம் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி: உடம்புக்கு ஆகுமா? டிரிட்டியம் வெளிவிடும் எலக்ட்ரானுக்கு வலு மிகக் குறைவு. காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் ஓய்ந்துவிடும். கண்ணாடிக் குழாயையே தாண்டாது, தோலின் மேல் படலத்தையும் தாண்டாது. அமெரிக்காவில் மின்சாரம் இல்லாமல் ஒளிரும் சில வெளியேறும் வழிப் பலகைகளிலும் சில கைக்கடிகாரங்களிலும் இதே வாயுதான் இருக்கிறது. செய்து விற்பவருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். வாங்கி வைத்திருக்கும் நமக்கு வேண்டாம். குழாய் உடைந்துவிட்டால் மட்டும் துண்டுகளை வெறுங்கையால் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஏறக்குறைய 12 ஆண்டில் உள்ளே இருக்கும் சரக்கு பாதியாகிவிடும், 25 ஆண்டில் கால் பங்காகிவிடும். பாஸ்பரும் தன் பங்குக்குத் தேயும். நம் கண்ணுக்குப் பாதி வெளிச்சம் சரிபாதியாகத் தெரியாது என்பதால் பத்து வருடம் கழித்தும் பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் பழைய துப்பாக்கி வாங்கும்போது 'நைட் சைட் இருக்கிறது' என்று சொல்லி விலையை ஏற்றினால், சைட் தயாரான வருடம் என்ன என்று கேளுங்கள். கடையில் வாங்கிய வருடம் முக்கியமில்லை. குழாயை அடைத்து மூடிய நாளிலிருந்தே அது தேய ஆரம்பித்துவிட்டது.

முதல் வேலை: வீட்டிலேயே ஒரு சோதனை

பணம் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி வையுங்கள். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். தோட்டா ஒன்றுகூட நீங்கள் நிற்கும் அறையில் இருக்கக் கூடாது. குழந்தைகளும் கூடாது. விரல் டிரிக்கர் பக்கமே போகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பக்கமோ ஆள் இருக்கும் அறைப் பக்கமோ திருப்பாமல், பத்திரமான ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தப் பத்தியைக் கடகடவென்று படித்துத் தாண்டிப் போகிறவர் சைட் மாற்றாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

சரி, இப்போது பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே சுவரில் ஒட்டிய ஒரு காகிதத்தைக் குறி பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டே கேள்விதான். ஒன்று, எதிரே இருப்பது என்ன என்று தெளிவாகத் தெரிகிறதா? இரண்டு, சைட் தெரிகிறதா?

வெளிச்சம் இருக்கும்வரை இரண்டுமே தெரியும். பொழுது இறங்க இறங்க, காகிதம் இன்னும் தெரியும், ஆனால் கறுப்பு சைட் இருட்டோடு கரைந்துவிடும். இன்னும் இருட்டினால் காகிதமும் தெரியாது. நைட் சைட்டின் வேலை அந்த நடுக்கட்டத்தில்தான். எதிரே இருப்பது தெரிகிறது, சைட் தெரியவில்லை என்ற அந்த மசமசப்பான நேரம். பேர் நைட் சைட் என்று இருப்பதால் கும்மிருட்டில் சுட உதவும் என்று நினைத்துவிடுகிறோம். கும்மிருட்டில் சைட்டின் பச்சைப் புள்ளிகள் அழகாகத் தெரியும், எதிரே நிற்பது யார் என்று மட்டும் தெரியாது. பாத்ரூம் போக எழுந்த மகனாக இருக்கலாம். யார் என்று தெரியாமல் துப்பாக்கியை நீட்டவே கூடாது. அதனால் முழு இருட்டுக்கு மருந்து டார்ச்தான், சைட் இல்லை.

டார்ச் அடித்தவுடன் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். எதிர்ச் சுவர் வெள்ளையாக ஒளிரும், அதற்கு முன்னால் உங்கள் சைட் கறுப்பு நிழலாகக் கச்சிதமாகத் தெரியும். அப்போது டிரிட்டியம், ஃபைபர், சாதாரணக் கறுப்பு சைட் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே. வீட்டுக் காவலுக்குத்தான் துப்பாக்கி, கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் நல்ல டார்ச்சையே முதலில் வாங்கச் சொல்வேன். சைட் விற்பவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

இந்தச் சோதனையில் என் வீட்டில் அந்த நடுக்கட்டம் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. தெருவிளக்கு ஜன்னல் வழியே வருகிறது, சமையலறையில் அடுப்புக்கு மேல் ஒரு சின்ன பல்பு இரவு முழுவதும் எரிகிறது. எதிரே இருப்பது தெரிகிறது, சைட் தெரியவில்லை. பண்ணை வீட்டில் இருக்கும் நண்பருக்கு நடுக்கட்டமே இல்லை. சூரியன் போனால் நேராகக் கும்மிருட்டு. அவருக்கு டார்ச் இல்லாமல் எதுவுமே உதவாது.

இரண்டாவது: எங்கே அதிகம் சுடப் போகிறீர்கள்?

பெரும்பாலான சனிக்கிழமைகளில் வெயிலில், திறந்தவெளி ரேஞ்சில் சுடுகிறவர் என்றால் ஃபைபருக்கு ஈடு இல்லை. அமெரிக்காவில் யுஎஸ்பிஎஸ்ஏ, ஐடிபிஏ என்ற சங்கங்களின் துப்பாக்கிப் போட்டிகளில் இரும்பு சைட்டோடு சுடுகிறவர்களின் துப்பாக்கிகளைப் பாருங்கள், முன்னால் ஃபைபர், பின்னால் வெறும் கறுப்பு என்ற ஜோடியை அடிக்கடி காண்பீர்கள். குறியிலிருந்து குறிக்குத் தாவும்போது கண்ணுக்கு ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கிறது, தேட வேண்டியதில்லை. பின் சைட்டிலும் இரண்டு ஃபைபர் புள்ளி வைத்த ஜோடிகள் விற்கின்றன. எனக்கு அவை பிடிக்கவில்லை. மூன்று விளக்கும் ஒரே அளவில் எரிந்தால் கண் எதைப் பிடிப்பது?

ஃபைபர் கைகொடுக்காத ஓர் இடம் உண்டு, அதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. நீங்கள் நிழலில் நிற்கிறீர்கள், குறி வெயிலில் இருக்கிறது. கார் ஷெட்டுக்குள் நின்று வெளியே பார்ப்பது மாதிரி. உங்கள் தலைக்கு மேல் வெளிச்சம் இல்லாததால் புள்ளி மங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் வெளிச்சமான பின்னணியில் சைட்டின் கறுப்பு உருவம் நன்றாகத் தெரியும் என்பதால் பெரிய நஷ்டமில்லை. மாறாக, கண் கூசும் வெயிலில் புள்ளி பூத்துப் பெருத்து, சைட்டின் ஓரங்களை மறைத்துவிடும். தூரத்துக் குறியில் நுணுக்கமாகச் சுடும்போது இது தொல்லை. அப்போது புள்ளியை மறந்துவிட்டு முன் சைட்டின் மேல் விளிம்பைப் பின் சைட்டின் மேல் விளிம்போடு மட்டம் கட்டிப் பாருங்கள்.

மூடிய ரேஞ்சில் சுடுகிறவர்களுக்கு எதுவும் ஓடும். சில ரேஞ்சுகளில் சுடுபவர் நிற்கும் மேடை மங்கலாகவும் குறிப் பக்கம் வெளிச்சமாகவும் இருக்கும். அங்கே ஃபைபர் பாதி உயிரோடு இருக்கும்.

மறைத்துக் கொண்டுசெல்வதற்கான துப்பாக்கியா? அப்படியென்றால் பகல், அந்தி, கார் நிறுத்தும் இடத்தின் மஞ்சள் வெளிச்சம் எல்லாமே வரும். அதற்குத்தான் இப்போது அதிகம் விற்கும் மூன்றாவது ரகம்: முன் சைட்டில் டிரிட்டியக் குழாய், அதைச் சுற்றி ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற பச்சையில் தடிமனான வளையம். பகலில் வளையம் கண்ணைப் பிடிக்கிறது, பொழுது போனால் குழாய் பொறுப்பேற்கிறது. ட்ரிஜிகான், அமெரிக்லோ, நைட் ஃபிஷன், எக்ஸ்எஸ் என்று பல நிறுவனங்கள் இந்த வகையில் செய்கின்றன. வளையம் வெயிலில் ஃபைபர் அளவுக்கு எரியாது. ஆனால் வெறும் வெள்ளைப் புள்ளியைவிட எவ்வளவோ மேல்.

டிரிட்டியமும் ஃபைபரும் ஒரே சைட்டில் சேர்த்த ரகமும் உண்டு. ட்ரூக்ளோ நிறுவனத்தின் டிஎஃப்ஓ பலருக்குத் தெரிந்த பெயர். கேட்க நன்றாக இருக்கிறது, பகலும் இரவும் ஒன்றிலேயே. கையில் எடுத்தால் சைட் கொஞ்சம் பருமனாகவும் நீளமாகவும் தெரியும். இரண்டு தோசையை ஒரே கல்லில் ஊற்றினால் இரண்டும் கொஞ்சம் சின்னதாகத்தானே வரும்! சிலருக்கு இதுவே நிறைவாக இருக்கிறது. நான் இரண்டு மாதம் வைத்திருந்து கழற்றிவிட்டேன்.

மூன்றாவது: உங்கள் கண்

நாற்பது தாண்டியவர்கள் இதைக் கவனியுங்கள். முன் சைட் நம் கண்ணிலிருந்து கை நீளத்தில் இருக்கிறது. வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டால் அந்தத் தூரம் மசங்கும், ஓரங்கள் கரைந்துபோகும். அப்போது பிரகாசமான ஒற்றைப் புள்ளி பெரிய உதவி. ஓரம் மசங்கினாலும் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியும். கண் மருத்துவரிடம் போகும்போது, கை நீட்டிய தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும் என்று அளந்து சொல்லுங்கள். துப்பாக்கி என்று விளக்க வேண்டிய அவசியமில்லை, கம்ப்யூட்டர் திரை என்றாலே போதும்.

நிறம்: நம் கண் பச்சையை நன்றாகப் பார்க்கும், பகலிலும் சரி, இருட்டிலும் சரி. அதனால்தான் டிரிட்டியம் சைட்டுகளில் பச்சை அதிகம். ஃபைபரில் சிவப்பும் பச்சையும் உண்டு, வாங்கும்போது இரண்டு நிறக் குச்சியும் பெரும்பாலும் கூடவே வரும். புல்லும் மரமும் பின்னணியில் இருந்தால் சிவப்பு எடுப்பாகத் தெரியும். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உள்ள ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்குச் சிவப்புப் புள்ளி மங்கலாகத் தெரியும். கடையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று புள்ளி டிரிட்டியம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபைபரில் ஏமாந்த கையோடு நான் வாங்கியது அதைத்தான், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் ஒரே பச்சை. இருட்டில் அவசரமாகத் தூக்கினால் மூன்று புள்ளியும் வரிசையாகத் தெரிகின்றன, எல்லாம் சரி என்று தோன்றுகிறது. ஆனால் முன் புள்ளி நடுவில் இல்லாமல் இடது ஓரத்தில் நிற்கலாம். மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால் எது முன், எது பின் என்று கண்ணுக்குத் தெரியாது. குழாய்கள் நன்றாக இருந்தும் கை தப்பான பக்கம் நீண்டிருக்கும். வாங்குவதாக இருந்தால் பின்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, முன்னால் பச்சை என்று இரு நிறமாக வாங்குங்கள். இல்லையென்றால் பின்னால் புள்ளியே இல்லாத வெறும் கறுப்பு. இன்றைக்கு என்னுடையதில் இருப்பது கடைசியில் சொன்னது: வளையத்தோடு ஒரே டிரிட்டியம் முன்னால், பின்னால் வரி போட்ட கறுப்பு இரும்பு. முழு இருட்டில் பின் சைட் தெரியாதே என்பார்கள். முழு இருட்டில் டார்ச் அடிப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நான்காவது: பொருந்துமா என்று பார்த்தல்

உங்கள் மாடலின் பெயரை முழுசாகச் சொல்லி வாங்குங்கள். 'க்ளாக்' என்று மட்டும் சொன்னால் போதாது, க்ளாக் 19க்குப் போடுவதும் 43க்குப் போடுவதும் ஒன்றில்லை. சிக் சாவர், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் போன்றவற்றில் சைட் உட்காரும் பள்ளத்தின் வெட்டே வேறு. மேலே ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் பேட்டரிக் கருவி) பொருத்தியிருந்தால் அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் உயரமான சைட் வேண்டும். அது தனிக் கதை.

உயரம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். இதில்தான் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். குண்டு குறிக்குக் கீழே விழுந்தால் முன் சைட் உயரம் குறைய வேண்டும். மேலே விழுந்தால் முன் சைட் உயர வேண்டும். கணக்கு சுலபம்: எத்தனை அங்குலம் தவறியதோ அதை இரு சைட்டுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, குறிவரை உள்ள தூரத்தால் வகுத்துவிடுங்கள், எல்லாம் அங்குலத்தில். க்ளாக் 19இல் சைட்டுக்கு சைட் ஏறக்குறைய 6 அங்குலம். 15 கெஜம் என்பது 540 அங்குலம். 3 அங்குலம் கீழே விழுகிறது என்றால் 3 பெருக்கல் 6, வகுத்தல் 540. விடை 0.033 அங்குலம். முன் சைட் அந்த அளவு தாழ வேண்டும்.

கணக்குப் போடுவதற்கு முன் வேறு யாரையாவது அதே துப்பாக்கியில் சுடச் சொல்லிப் பாருங்கள். வலது கையால் சுடும் புதியவர்களுக்குக் கீழே, இடது பக்கம் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் சைட் இல்லை, டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கும் விரல்தான். இதைச் சொன்னால் கோபம் வரும். எனக்கும் வந்தது.

புள்ளி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். சில சைட்டுகளில் முன் சைட்டின் மேல் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு விழும்படி செய்திருப்பார்கள். சிலவற்றில் புள்ளியின் நடுவே குண்டு விழும். தயாரிப்பாளரின் குறிப்பில் இது இருக்கும். படிக்காமல் ரேஞ்சுக்குப் போனால் பாதி நாள் வீண்.

ஐந்தாவது: மாட்டுவது

முதல் தடவை என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், கூலி பெரிய தொகை ஆகாது. நானே செய்வேன் என்று கிளம்பி, சுத்தியலால் தட்டி ஒரு டிரிட்டியக் குழாயை உடைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: முன்பு சொன்ன காலி பார்க்கும் சடங்கை மறுபடி முழுசாகச் செய்யுங்கள். பிறகு ஸ்லைடைக் கழற்றி, பீப்பாயையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிடுங்கள். க்ளாக்கின் முன் சைட்டை உள்ளிருந்து ஒரு சின்னத் திருகு பிடித்திருக்கும். அதற்கு 3/16 அங்குல மெல்லிய சுவர் உள்ள அறுகோணச் சாவி வேண்டும், சாதாரண சாவி உள்ளே நுழையாது. புதிய சைட்டை வைத்து, திருகில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். சிவப்புப் பசை வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு. திருகு சின்னது, பலம் காட்டினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். பீப்பாயைத் திரும்பப் போட்டு, திருகின் முனை எங்கும் உரசவில்லையா என்று கையால் ஸ்லைடை இழுத்துப் பாருங்கள்.

பின் சைட் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்துவதற்கென்றே திருகி நெட்டும் கருவி ஒன்று இருக்கிறது, அதுதான் சரியான வழி. அது இல்லாமல் தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பித்தளை அல்லது நைலான் உளி, சைட்டின் அடிப்பாகத்தில் மட்டும் தட்டுங்கள், குழாய் இருக்கும் இடத்தில் வேண்டாம். நடுவில் கொண்டுவந்து கண்ணால் பார்த்தால் போதாது, இரு பக்கமும் காலிப்பரால் அளந்து விடுங்கள். ரேஞ்சில் குண்டு இடது பக்கம் விழுந்தால் பின் சைட்டை வலது பக்கம் தள்ள வேண்டும். பின் சைட் எப்போதும் குண்டு போக வேண்டிய பக்கமே நகரும்.

விலையும் பராமரிப்பும்

நான் பார்த்தவரை ஒற்றை ஃபைபர் முன் சைட் 25, 40 டாலருக்குள் கிடைக்கிறது. டிரிட்டியம் ஜோடி 80க்கு மேல், நல்லது 150 வரை. 12 வருடத்தில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரிட்டியத்துக்கு வேறு செலவு இல்லை. தீர்ந்துபோன சைட்டைக் குப்பையில் எறியாதீர்கள், தயாரித்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள். புதுக் குழாய் வைத்துத் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஃபைபர் முறியும். உறையில் உரசி, மேசையில் இடித்து, சில நேரம் காரணமே இல்லாமல். வீரியமான துப்புரவுக் கரைப்பான் பட்டால் பிளாஸ்டிக் மங்கும், சிலவற்றில் உருகியே போகும். அதனால் துடைக்கும்போது சைட்டை ஒதுக்கிவிடுங்கள். முறிந்தால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. புதுக் குச்சியின் ஒரு நுனியை சிகரெட் லைட்டரின் அருகே காட்டினால் காளான் தொப்பி மாதிரி உருண்டு வீங்கும். நெருப்பில் நுழைக்காதீர்கள், கருகிவிடும். தொப்பி இல்லாத முனையைச் சைட்டின் ஓட்டை வழியே நுழைத்து மறுபக்கம் இழுத்து, தொப்பி இறுகியதும் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு நறுக்கி, அந்த நுனியையும் லைட்டருக்குக் காட்டுங்கள். இரு பக்கமும் தொப்பி வந்துவிட்டால் குச்சி நழுவாது. நகவெட்டியால் நறுக்கினால் சுத்தமாக வரும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையில் ஒரு விரல் நீளத்துக்குக் குச்சி, ஒரு லைட்டர், ஒரு நகவெட்டி மூன்றையும் போட்டு வைத்துவிடுங்கள். லைட்டரில் எரிவாயு இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.